உப்புப் போட்ட சதைத்துண்டு

ஃபார்மலின் நாற்றம் எனக்குப் பழகவே இல்லை. பழகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். நோய்க்குறியியல் படிக்கச் சேர்ந்தபோது சொன்னார்கள், வேலைக்குச் சேர்ந்தபோது சொன்னார்கள். ஓய்வு பெற்ற அன்றுகூட ஒரு சின்னப் பெண் வந்து, "இனிமே இந்த வாசனையை ரொம்பத் தேடுவீங்க மேடம்" என்றாள். இந்த நிமிஷம் வரை தேடவில்லை. அது கண்ணைக் கரிக்கும், தொண்டையை அடைக்கும், என்ன சோப்புப் போட்டாலும் விரல் இடுக்கில் தங்கும். கையால் பிசைந்து சாப்பிடப் பிடிக்காமல் ஸ்பூனால் சாப்பிட்டுப் பழகினேன். ராயபுரத்தில் எங்கள் வீட்டில் அதற்காகவே என்னை வெள்ளைக்காரி என்றார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் வடசென்னையில் ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்தில் நான் இளநிலை டாக்டர். நோயாளியைப் பார்ப்பது என் வேலை இல்லை. நோயாளியிடமிருந்து வெட்டி எடுத்ததைப் பார்ப்பதுதான் வேலை. கட்டி, குடல், முலை, கருப்பை, எது வந்தாலும் வெட்டி, அமிலத்திலும் சாராயத்திலும் ஊறவைத்து, மெழுகில் பதித்து, தாள் கனத்துக்குச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து இது இன்ன வியாதி என்று சொல்ல வேண்டும். குவார்ட்டர்ஸிலேயே தங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வீட்டுக்குப் போவேன், அதுவும் டியூட்டி இல்லாவிட்டால்.

வீட்டில் அம்மா, அண்ணன், அண்ணி. ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா திடீரென்று செத்துப்போனதும் படிப்பு எனக்கு, மூட்டை அண்ணனுக்கு என்று ஆகிவிட்டது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்ததாக நினைவில்லை. அவன் துறைமுகத்தில் கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் கூட்டத்தில் சேர்ந்தான். கந்தகம் இறக்கிய நாட்களில் இமை மயிர் வரை மஞ்சளாக வருவான். உர மூட்டை இறக்கிய நாட்களில் அவன் சட்டையை அம்மா குச்சியால் தூக்கி வாளியில் போடுவாள். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தால், "ஆமா, இவ பெரிய சென்ட்டு கம்பெனில வேல பாக்கறா" என்பான். அவனிடம் எனக்கு அசடு வழியாத நாளே கிடையாது.

ஒரு நாள் கப்பலிலிருந்து வலையில் கட்டி இறக்கிய சுமை ஆடிக்கொண்டே வந்து அவன் வலது தொடையில் மோதியது. எலும்பு முறியவில்லை. தொடை மட்டும் வீங்கிக் கத்தரிக்காய் நிறமாகிவிட்டது. பேசாமல் காலை நீட்டிப் படுத்திருந்தால் போதும். ஆனால் எங்கள் பக்கத்தில் அடி பட்டால் உருவிவிட வேண்டும். காலடிப்பேட்டையில் கட்டுக் கட்டுகிற ஒருவரிடம் கூட்டாளிகள் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த ஆள் உள்ளே ரத்தம் கட்டிக் கிடந்த சதையைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி உருவி, முட்டை வெள்ளையும் உளுந்துமாவும் குழைத்து அப்பி, துணி சுற்றி அனுப்பினார். அதை அவிழ்த்து மறுபடி உருவுவார், மறுபடி அப்புவார். அந்தக் கட்டு புளித்து நாறியதில் வீட்டு வாசலிலேயே எனக்குக் குமட்டியது. கட்டின் ஓரத்தில் எறும்பு போய்க்கொண்டிருந்தது. "இத அவுத்துப் போடு அண்ணே" என்றேன். "நீ செத்த சதைக்குத்தான் டாக்டரு. உசுரோட கீறவன் கால்ல இன்னா பண்ணணும்னு அவருக்குத் தெரியும்" என்றான்.

ஒரு மாதம் போல ஆனதும் வீக்கம் வடிந்தது. ஆனால் தொடையின் முன்பக்கம், சதைக்குள்ளே, கையால் தொட்டால் கல் மாதிரி ஒன்று நின்றது. வளரவும் செய்தது. முழங்காலை மடக்க முடியவில்லை.

துறைமுகத்து ஆட்களுக்கெல்லாம் நம்பிக்கையான ஒரு சர்ஜன் இருந்தார். தனியாக நர்சிங் ஹோம் நடத்தினார். அண்ணன் அங்கே போனான். எக்ஸ்ரேயில் தொடை எலும்புக்குப் பக்கத்தில் புகை படிந்த மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது. சர்ஜன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எலும்புல கேன்சர் மாதிரி இருக்கு. ஒரு துண்டு எடுத்துப் பார்த்துடுவோம். அதுன்னா காலை எடுத்துடணும்" என்றார். அண்ணி அதைக் கேட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். அண்ணன் மட்டும், "எதுவரிக்கும் சார் எடுப்பீங்க?" என்று கேட்டானாம். சர்ஜன் அவன் இடுப்புக்குச் சற்றுக் கீழே விரலால் ஒரு கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்.

மூட்டை தூக்குகிறவனுக்குக் கால் போனால் மற்றதெல்லாம் கூடவே போகும். அதை எங்கள் தெருவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் வெளி நர்சிங் ஹோம்களில் எடுக்கும் துண்டை எங்கள் கூடத்துக்குக் கொண்டுவருவது வீட்டு ஆட்களின் வேலை. சர்ஜன் வெட்டுவார், வார்டு ஆள் கையில் கிடைத்த பாட்டிலில் போட்டு, சதை கெடாமல் இருக்க ஃபார்மலின் ஊற்றித் தருவான், பெண்டாட்டியோ தம்பியோ அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வருவார்கள். ஊறுகாய் பாட்டிலில் சிறுநீரகம் வரும். தைல பாட்டிலில் குடல்வால் வரும். பாட்டிலின் மேல் பழைய லேபிள் அப்படியே இருக்கும். அதைக் கிழிக்கக்கூட ஒருவருக்குத் தோன்றாது. அருவருப்பு என்ற ஒன்று மனுஷர்களுக்கு இருக்கிறதா என்று எனக்கு அங்கேதான் சந்தேகம் வந்தது.

அண்ணனுக்குத் துண்டு எடுத்தது ஒரு சனிக்கிழமை மதியம். திங்கள் காலையில் கூடத்தில் கொடுக்கச் சொல்லி அண்ணியிடம் தந்திருக்கிறார்கள். எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. அந்த ஞாயிறு எனக்கு டியூட்டி, வீட்டுக்கும் போகவில்லை.

திங்கட்கிழமை அண்ணி வந்தாள். நன்றாகத் தலைவாரி, கோயிலுக்குப் போகிற சேலை கட்டியிருந்தாள். கையில் ஓர் எவர்சில்வர் டப்பா. சனிக்கிழமையே துண்டு எடுத்தாகிவிட்டது என்றாள். "துண்டு எங்கே?" என்றேன். டப்பாவைத் திறந்தாள். உள்ளே இலையில் பொதிந்து, கல்லுப்புக்கு நடுவே, சாம்பல் நிறத்தில் சுருங்கிப்போய் ஒரு பொருள் கிடந்தது. டப்பாவின் அடியில் சிவப்பாக நீர் கசிந்திருந்தது. கருவாட்டு வீச்சமும் அழுகல் வீச்சமும் சேர்ந்து அடித்தது. அது என் அண்ணன் தொடையிலிருந்து வந்தது என்று மூளைக்கு எட்டவே கொஞ்ச நேரம் ஆனது.

"இன்னா பாப்பா அப்டி பாக்குற" என்றாள் அண்ணி. "அந்த ஆளு பாட்டில்ல இன்னாவோ ஊத்திக் குடுத்தான். பஸ்ஸுல மூடி கழண்டுகிச்சி. கண்ணு எரியுது, பக்கத்துல குந்தினு இருந்த அம்மா வாந்தி எடுக்கப் பாத்துது. கக்கூஸ் கழுவுற மருந்த மாத்தி ஊத்திட்டான்னு நெனச்சேன். வூட்டுக்குப் போய் அத்த கீழ ஊத்திட்டு, நல்லா மூணு தண்ணி உட்டுக் கழுவினேன். நடுவுல ஞாயித்துக்கெயம வேற கீது. கெட்டுப்பூட்டா இன்னா பண்றது? அதான் உப்பு போட்டு வச்சேன்."

அண்ணி காசிமேட்டுப் பெண். அவள் அம்மா வீட்டில் வாளையும் சுறாவும் உப்புப் போட்டுக் காயவைப்பதுதான் தொழில். சதை கெடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குப் பால்குடி மறந்த நாளிலிருந்து தெரியும். நன்றாகக் கழுவி, இலை போட்டு, கல்லுப்பைப் பார்த்துப் பார்த்து அடுக்கி, டப்பாவைப் பூனை தொடாத உயரத்தில் வைத்திருக்கிறாள். அத்தனையும் அக்கறை. என் வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. "உப்புப் போட இது என்ன சுறாவா அண்ணி? மூளை இருக்கா உங்களுக்கு?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவள் டப்பாவை மூடி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

உப்பு பட்டால் செல்லிலிருந்து தண்ணீர் போய்விடும். செல் சுருங்கும், நடுவில் இருக்கும் கரு இறுகிக் கறுத்துப் போகும். புற்றுநோய்ச் செல்லின் கருவும் கறுப்பாகத்தான் இருக்கும். அதாவது உப்புப் போட்ட எந்தச் சதையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கொஞ்சம் கேன்சர் மாதிரிதான் முழிக்கும். வேறு வழியில்லாமல் அதையே எடுத்து வேலையை ஆரம்பித்தேன். உள்ளே எலும்புத் துகள் இருந்ததால் அமிலத்தில் போட்டு இளக்க வேண்டியிருந்தது. அது இன்னும் கொஞ்சம் கெடுத்தது.

ஸ்லைடில் பார்த்தபோது நெருக்கியடித்துக்கொண்டு கறுத்த செல்கள். நடுநடுவே அரைகுறையாக உருவான எலும்பு. ஓரத்தில் கொஞ்சம் நீளநீளமான செல்கள். அந்த நீளச் செல்கள்தான் எனக்கு உறுத்தின. அவை தசையா, தசை என்றால் நல்ல தசையா, கெட்ட தசையா?

தசையைக் கண்டுபிடிக்க அப்போது ஒரு சாயம் இருந்தது. ஏற்ற நேரம் பிடிக்கும், ஏறினால் தசை நாரில் இருக்கும் புரதம் நீலமாகி, குறுக்கே மெல்லிய வரிகள் தெரியும். வரி தெரிந்தால் தசை. இவ்வளவுதான் எங்களிடம் இருந்த அடையாளம். இன்றைக்குத் தசைப் புரதம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் குறிவைத்துப் போய் ஒட்டும் மருந்து இருக்கிறது. டெஸ்மின் என்பார்கள், ஆக்டின் என்பார்கள், ஒட்டிய இடம் பழுப்பாகத் தெரியும். எலும்புக் கட்டி என்று வந்தது உண்மையில் தசையிலிருந்து கிளம்பியதா என்று அதை வைத்துத் தேடுகிறார்கள். ஆனாலும் அடிபட்டு ஆறுகிற சதையும் அந்தச் சாயத்தை வாங்கிக்கொள்ளும், பார்க்கிறவன் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இது எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் தெரிந்தே இருக்கிறது.

சாயம் ஏற்றினேன். வரி தெரிந்தது. நீலமாக, மெலிதாக, சில செல்களில் மட்டும்.

எங்கள் துறைத் தலைவரிடம் கொண்டுபோனேன். படித்தவர், கெட்டிக்காரர். மதிய உணவை வெட்டும் மேசையிலேயே வைத்துச் சாப்பிடுவார். ஒரு பக்கம் யாருடைய மண்ணீரலோ தட்டில் இருக்கும், மறு பக்கம் அவருடைய தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும். மண்ணீரலை நகர்த்திய கையைப் பேருக்குக் குழாயில் காட்டிவிட்டு ஊறுகாயைத் தொட்டு நக்குவார். அதைப் பார்க்காமல் இருக்க நான் எப்போதும் அவர் தலைக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்துப் பேசுவேன்.

அன்றும் சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் மைக்ராஸ்கோப்பைத் திருகிப் பார்த்தார். "வரி இருக்கே. தசையிலிருந்து கிளம்பி எலும்பு உண்டாக்கற கேன்சர். அபூர்வமான கேஸ்" என்றார். குரலில் ஒரு சந்தோஷம். வகுப்பில் காட்ட நல்ல ஸ்லைடு கிடைத்த சந்தோஷம்.

"அடிபட்ட தசை தன்னைத்தானே சரிபண்ணிக்கும்போதும் இப்படி இருக்கும் சார். அடிபட்டு உருவிவிட்ட கால் இது. ரத்தம் கட்டின இடத்துல எலும்பு விளையும், கேன்சர் இல்லாமலே விளையும்னு நீங்களே பாடம் எடுத்திருக்கீங்க. நடுவுல எடுத்த துண்டை மட்டும் பார்த்தா அது கேன்சர் மாதிரித்தான் இருக்கும். கட்டியோட ஓரத்தைப் பார்த்தாத்தான் தெரியும். இது உப்புல வேற கிடந்தது. இன்னொரு துண்டு கேக்கலாம் சார்."

அவர் சோற்றை மென்று முடித்தார். "ஏம்மா, இது யாரோட கால்?"

"எங்க அண்ணனோடது சார்."

"அதான். உன் கண்ணு நல்லதைத்தான் தேடும். அதை வச்சு ரிப்போர்ட் குடுக்க முடியாது." கையெழுத்தை அவர் போட்டார். எலும்பா தசையா என்று உறுதியாகச் சொல்ல முடியாத, வீரியமான புற்று என்று எழுதினார். உப்பைப் பற்றி ஒரு வரி எழுதச் சொன்னேன். அதையெல்லாம் எழுதினால் கூடத்தின் மரியாதை போய்விடும் என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு பாதி சரி. என் கண் நல்லதைத்தான் தேடியது. எனக்கு எதிராக அதைவிட வலுவான வாதம் யாரிடமும் இல்லை.

சர்ஜனைப் போய்ப் பார்த்தேன். ஓரத்தோடு சேர்த்து இன்னொரு துண்டு எடுங்கள், இல்லையென்றால் சில வாரம் பொறுத்து இன்னொரு எக்ஸ்ரே எடுங்கள் என்றேன். கேன்சர் இல்லையென்றால் அந்தக் கட்டியைச் சுற்றி முட்டை ஓடு போல எலும்பு முற்றி இருக்கும், படத்தில் தெளிவாகத் தெரியும். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "டாக்டரம்மா, மறுபடி கத்தி வச்சா பரவும். பொறுத்துப் பார்த்தா நெஞ்சுக்கு ஏறும். எலும்போ தசையோ, எதுவா இருந்தா எனக்கென்ன, ரெண்டுக்கும் ஒரே வைத்தியந்தான். உங்க தலைவரே எழுதிட்டாரே." என் எதிரிலேயே மேஜை மேலிருந்த ஊக்கை எடுத்துக் காது குடைந்தார். குடைந்ததை எடுத்துப் பார்த்தார். மனுஷனின் காலை எடுப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே இதைச் செய்ய முடிந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அண்ணன் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். தொடையில் கட்டு. அண்ணி என்னைப் பார்த்ததும் அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். துண்டு கெட்டுப்போனது, எனக்குச் சந்தேகம் இருப்பது, கொஞ்சம் பொறுத்தால் தெரிந்துவிடும் என்பது எல்லாம்.

அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். "பொறுத்து, அது நெஞ்சுல ஏறிச்சின்னா?"

"ஏறாதுன்னுதான் நெனைக்கிறேன் அண்ணே."

"நெனைக்கிறியா, தெரியுமா?"

"நெனைக்கிறேன்."

"அப்ப நீ பொறுப்பு எடுத்துப்பியா? எனக்கு ஒண்ணு ஆச்சின்னா இவ கைல நீ பதில் சொல்லுவியா?"

என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. யோக்கியமான எந்த டாக்டராலும் அன்றைக்கு அதைச் சொல்ல முடியாது. யோக்கியம் இல்லாதவர்களால் காலை எடு என்று சுலபமாகச் சொல்ல முடிந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். அண்ணன் தொடைக் கட்டைத் தடவிக்கொண்டே, "எடுத்துரட்டும் பாப்பா. இத்த வச்சிக்கினு தெனம் தெனம் பேஜாரா கீது. உசுரு இருந்தா ஒக்காந்து எதுனா வேல பாத்துப்பேன்" என்றான்.

எடுத்தார்கள்.

எடுத்த கால் எங்கள் கூடத்துக்குத்தான் வரும் என்று தெரியும். எப்படி வரும் என்று யோசிக்கவில்லை. கோணிச்சாக்கில் வந்தது. உரம் வந்த பழைய சாக்கு, அதன் நாற்றம்கூட அப்படியே இருந்தது. அண்ணனின் இரண்டு கூட்டாளிகள் ரிக்ஷாவில் காலடியில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். ஒருவன் வெளியே போய் வாந்தி எடுத்தான். மற்றவன், "சீக்கிரம் பாத்துக் குட்த்துரு தங்கச்சி, சாமியாரு காத்துகினு கீறாரு" என்றான். எங்கள் ஆட்களில் வெட்டிய கையையோ காலையோ அப்படியே விடமாட்டார்கள். சின்னப் பெட்டியில் வைத்துக் கல்லறைத் தோட்டத்தில் புதைப்பார்கள். உயிர்த்தெழும் நாளில் உடம்பு முழுசாக இருக்க வேண்டும்.

வேறு யாரையாவது வெட்டச் சொல்லியிருக்கலாம். அந்த மேசையில் அதை இன்னொருவர் கையில் விட எனக்கு மனமில்லை. தலைவருடைய டிபன் டப்பா அங்கே இருந்தது, முதலில் அதைத் தூக்கி ஜன்னல் விளிம்பில் வைத்தேன். சாக்கை அவிழ்த்தேன். பெருவிரல் நகத்தில் மஞ்சள் கறை இருந்தது. கணுக்காலில் சின்ன வயதில் சைக்கிள் செயின் கிழித்த தழும்பு இருந்தது. நான் பின்னால் உட்கார்ந்திருந்தபோது பட்டது.

தொடையை நீளவாக்கில் திறந்தேன். பத்து நிமிஷத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது. கட்டி தொடை எலும்பைத் தொடவே இல்லை, நடுவில் சுத்தமான சதை இருந்தது. கட்டியைச் சுற்றி முற்றிய எலும்பு ஓடு போல நின்றது. கத்தி அதன் மேல் பட்டுக் கரகரத்தது. உள்ளே போகப் போக மெத்தென்று இளசாக இருந்தது. கேன்சர் நடுவில் முற்றி, ஓரத்தில் பக்கத்துச் சதையைத் தின்றுகொண்டு போகும். இது ஓரத்தில் முற்றி அடங்கிப்போயிருந்தது. அடிபட்ட தசை, ரத்தம் கட்டி, கட்டைவிரலால் உருவி உருவி எலும்பாகிப்போன தசை. விட்டிருந்தால் தானாகச் சுருங்கியிருக்கும். பிறகு எல்லாப் பக்கத்திலும் சீவி எடுத்து ஸ்லைடு பார்த்தேன். ஒரு கெட்ட செல்கூட இல்லை. தசை ஓரத்தில் அதே நீல வரிகள், ஆறுகிற சதையின் வரிகள்.

தலைவர் வந்தார். நெடுநேரம் பார்த்தார். இந்தத் தடவை சாப்பிட்டுக்கொண்டு பார்க்கவில்லை, அந்த அளவுக்கு மரியாதை. "சந்தேகமான கேஸ்ல இப்படி ஆகறதுதான். கேன்சராவே இருந்து நாம விட்டிருந்தா?" என்றார். புற்றுச் செல் காணப்படவில்லை என்று எழுதி சர்ஜனுக்கு அனுப்பினார். கை கழுவினார். ஜன்னல் விளிம்பிலிருந்து டப்பாவை எடுத்து, துடைத்துவிட்டிருந்த அதே மேசையில் பிரித்தார். நான் எழுந்து வெளியே போனேன். அன்றைக்கு ஃபார்மலின் நாற்றத்துக்காகப் போகவில்லை.

காலை நானே தைத்து, வெள்ளைத் துணி சுற்றிக் கொடுத்தேன். புதைக்கப் போனவர்களோடு நான் போகவில்லை.

அண்ணன் வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னேன். அண்ணி குழாயடிக்குப் போயிருந்தாள். மறைக்கிற உத்தேசம் எனக்கு ஒரு நிமிஷம்கூட இல்லை. அவன் கேஸ் போட வேண்டும், சர்ஜனின் வாசலில் நின்று கத்த வேண்டும், துறைமுகத்து ஆட்கள் அத்தனை பேரும் வந்து அந்த நர்சிங் ஹோம் கண்ணாடியை உடைக்க வேண்டும் என்றெல்லாம் நினைத்துக்கொண்டுதான் போனேன். "கேன்சரே இல்ல அண்ணே. அடிபட்ட சதைதான்" என்றேன்.

அவன் கால் இருந்த இடத்தில் போர்வையைச் சரிசெய்தான். "அந்த மொதோ துண்டு நல்லா இருந்திருந்தா தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டான்.

"தெரிஞ்சிருக்கலாம்."

"அவளுக்கு இது தெரியுமா?"

"இன்னும் இல்ல."

"நீ அன்னிக்கி ஆசுபத்திரில கத்தினதுலேர்ந்து அவ உப்பே போட்டுத் துன்றதில்ல பாப்பா. கஞ்சிய வெறுசாக் குடிக்கிறா. கேட்டா ஒண்ணும் இல்லன்றா." குரலைத் தாழ்த்தினான். "கால் பூட்ச்சி. அது இனிமே வராது. அவளையும் ஏன் வெட்டணும்?"

அண்ணி குடத்தோடு உள்ளே வந்தாள். அண்ணன் அவளை நிற்கச் சொன்னான். "தோ, டாக்டரு வந்துக்கீறா. இன்னா சொல்றான்னு கேளு. பாப்பா, எனக்குக் கேன்சர் இருந்துச்சா இல்லியா? இவ எதிர்ல சொல்லு."

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி குடத்தை இறக்கி வைக்கவில்லை.

"இருந்தது அண்ணி" என்றேன். "வேரோட எடுத்துட்டாங்க."

அண்ணி அப்படியே மாதா படத்துக்கு முன்னால் மண்டி போட்டு அழுதாள். அவ்வளவு நாள் அடக்கிவைத்தது அத்தனையும் அழுதாள். அழுது முடித்துவிட்டு அந்த டாக்டர் தெய்வம் என்றாள். அண்ணன் ஆமாம் என்றான். நானும் தலையை ஆட்டினேன். என் வாயை நானே கழற்றி எறிந்தால் தேவலை என்றிருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அண்ணி சர்ஜன் வீட்டுக்கு நண்டு அனுப்பினாள். நல்ல சதைப்பிடிப்பான நண்டு, காசிமேட்டில் போய் நின்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துப் பொறுக்குவாள். அண்ணன் கட்டையை ஊன்றிக்கொண்டு கூடவே போவான். அவன் இப்போது துறைமுக வாசலில் பீடிக்கடை வைத்திருந்தான். கூடையைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை, நான்தான் டாக்டர்களோடு பேசத் தெரிந்தவள்.

கூடையில் நண்டுகள் சரசரவென்று ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டிருக்கும். பஸ்ஸில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போவேன். எப்போதும் வேலைக்காரப் பெண் வந்து வாங்கிக்கொள்வாள். ஒரு வருஷம் சர்ஜனே கதவைத் திறந்தார். கூடையை வாங்கி மூடியைத் தூக்கிப் பார்த்து, "ஓ, போன தடவையைவிடப் பெருசா இருக்கே" என்றார். எங்கள் இரண்டாவது ரிப்போர்ட் அவர் கைக்குப் போயிருந்தது. அதைப் படித்தாரா, படித்து மறந்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

"அண்ணன் எப்படி இருக்கான்? வியாதி திரும்பி வரலையே?" என்றார்.

"வரல டாக்டர்" என்றேன்.